கௌச்சர் என்றால் மேய்ச்சல் வெளி: மலைக்குப் பறந்த சிறு விமானங்களும் அவை இறங்கிய நிலங்களும்

மே மாதத் தில்லியில் இரவு பத்து மணிக்கும் விடுதி மொட்டைமாடியின் தரை சூடு ஆறுவதில்லை. அப்படியோர் இரவில் நண்பர் ஒருவர் கைப்பேசியில் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். தில்லிக்கு நேர் வடக்கே சிம்லா. இரண்டும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் உள்ளன; வான்வழித் தொலைவு 280 கிலோமீட்டருக்கும் குறைவு. நான்கு பேர் அமரும் ஒற்றை எந்திர விமானம் ஒன்று கைவசம் இருந்தால் ஒன்றரை மணிநேரத்தில் தேவதாரு நிழலில் இருக்கலாம். விடுமுறைக்கு இதைவிட நல்ல திட்டம் உண்டா என்று கேட்டார்.

“எங்கே இறங்குவீர்கள்?” என்று கேட்டேன். அவர் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பச்சையும் பழுப்புமாக மடிப்புகள் வந்தனவே தவிர, வெறுமையாக ஒரு துண்டு நிலம் வரவில்லை.

வேடிக்கையாகத் தொடங்கிய அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வானூர்தியின் வரலாறு வழக்கமாக எந்திரங்களின் வரலாறாகவும் ஓட்டுநர்களின் வரலாறாகவும் எழுதப்படுகிறது. மலையைப் பொறுத்தவரை அது நிலத்தின் வரலாறாகவே எழுதப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மலையில் மரம் மலிவு, நீர் மலிவு, கல் மலிவு. அரிதான பொருள் சமதளம் ஒன்றே. அந்தச் சமதளத்தை விமானம் வருவதற்கு முன்பே யாரோ பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் யார் என்பதற்கான சான்று பல இடங்களில் ஊர்ப்பெயரில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. மொழியியல் படித்துவிட்டு வரலாற்றுக்குள் வந்தவன் என்பதால் அந்தப் பெயர்களின் வழியாகவே இக்கதையைச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் புறப்படும் இடம். ஜோர்பாக் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் ஒருபுறம் 1754ஆம் ஆண்டைச் சேர்ந்த சஃப்தர்ஜங் கல்லறை மாடம். சற்றுத் தள்ளிச் சுற்றுச்சுவருக்குள் பரந்து கிடக்கும் சஃப்தர்ஜங் விமானத்தளம். தில்லிப் பறத்தல் கழகம் 1928இல் தொடங்கப்பட்டபோது அதனிடம் இருந்தவை இரண்டு ‘மாத்’ வகைச் சிறு விமானங்கள். ஒன்றின் பெயர் ‘தில்லி’, மற்றொன்றின் பெயர் ‘ரோஷனாரா’, ஷாஜகானின் மகளுடைய பெயர். மறு ஆண்டு இத்தளம் ஆங்கிலேய ஆட்சியாளர் ஒருவரின் பெயரால் ‘வில்லிங்டன் விமானத்தளம்’ என்று இயங்கத் தொடங்கியது. அதே 1929 பிப்ரவரி 10இல்தான் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமான ஓட்டுநர் உரிமத்தை ஜே.ஆர்.டி. டாடா பெற்றார். கழகத்தின் பின்னால் நின்ற கிராண்ட் கோவன் என்ற தில்லி வணிகர், இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் முதல் தலைவரும் ஆவார். 1933இல் தில்லியைத் தலைமையிடமாகக் கொண்டு ‘இந்தியன் நேஷனல் ஏர்வேஸ்’ நிறுவனத்தை ஏற்படுத்தியவரும் அவரே. கிரிக்கெட், கிளப், விமானம் ஆகிய மூன்றும் அன்று ஒரே வட்டத்தாரின் பொழுதுபோக்குகள்.

அந்த வட்டத்தார் கோடையில் போன இடம் சிம்லா. 1864 முதல் அரசே ஆண்டுதோறும் அங்கே இடம்பெயர்ந்தது. 1903இல் கால்கா – சிம்லா இருப்புப்பாதை திறக்கப்பட்டது: 96 கிலோமீட்டர், நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள். ‘மாத்’ விமானத்தின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 140 கிலோமீட்டர். தில்லியிலிருந்து சிம்லாவுக்கு இரண்டு மணிநேரம் போதும். எந்திரம் இருந்தது, பணம் இருந்தது, போக வேண்டிய தேவையும் இருந்தது. ஆயினும் ஆட்சியாளர்களின் கோடைக்காலப் பெட்டிகளும் கோப்புகளும் கால்காவில் குறுகிய தண்டவாளத்துக்கு மாறித்தான் மேலே ஏறின. காரணம், சிம்லாவில் சொல்லிக்கொள்ளும்படியான சமதளம் அன்னண்டேல் மட்டுமே. தேவதாரு மரங்கள் சூழ்ந்த கிண்ணம் போன்ற அந்தத் திடலில் குதிரைப் பந்தயமும் போலோவும் நடந்தன. 1888இல் துராந்த் கோப்பைக் கால்பந்துப் போட்டி தொடங்கியதும் அங்கேதான். பந்து உருள்வதற்குப் போதுமான தரை, விமானம் உருள்வதற்குப் போதவில்லை. இன்று அங்கே ஹெலிகாப்டர் இறங்குகிறது.

சென்னை மாகாண அரசு கோடைதோறும் உதகைக்குப் போனதை அறிந்த தமிழ் வாசகர்க்கு இது புதிதாக இராது. உதகைக்கு இன்றும் விமானத்தில் போக முடியாது. கோவையில் இறங்கித்தான் மலையேற வேண்டும். அங்கும் குறை எந்திரத்தில் இல்லை, தரையில்தான்.

சிம்லாவுக்கு முடியாதது கட்வால் மலைக்கு முடிந்தது. 1930களின் நடுவில் ‘ஹிமாலயா ஏர் டிரான்ஸ்போர்ட் அண்ட் சர்வே’ என்ற சிறு நிறுவனம் ஹரித்வாரிலிருந்து கௌச்சருக்குப் பருவகால விமானச் சேவை நடத்தியது. பயணிகள் பத்ரிநாத் போகும் யாத்திரிகர்கள். திருமங்கையாழ்வார் ‘வதரி’ என்று பாடிய தலம் அது. தெற்கிலிருந்தும் அடியவர்கள் நூற்றாண்டுகளாக நடந்து சென்ற மலை. ஹரித்வாரிலிருந்து கௌச்சர் வான்வழியில் 100 கிலோமீட்டர். இன்றைய மலைச்சாலையில் 180 கிலோமீட்டருக்கு மேல். பல நாள் நடையை ஒரு மணிநேரத்துக்குள் சுருக்கிய பறப்பு அது. அதன்பின் பத்ரி வரை நடைதான், பல்லக்குத்தான். மலைச் சுற்றுலா என்றால் கோடை வாசத்தையே நினைக்கிறோம். இமயத்துக்குள் சென்ற மிகப் பழைய வணிக விமானச் சேவைகளுள் ஒன்று யாத்திரிகர்களுக்காக நடந்தது என்பதை மறந்துவிடுகிறோம்.

அந்த விமானம் இறங்கிய இடத்தின் பெயரைக் கவனியுங்கள். கௌச்சர்: ‘கௌ’ பசு, ‘சர்’ மேய்தல். அலக்நந்தா ஆற்றின் கரையில், 800 மீட்டர் உயரத்தில், செங்குத்தான சரிவுகளுக்கு நடுவே ஆறு வண்டலிட்டு விரித்துக் கொடுத்த அகன்ற படுகை. மலைக்காரர்கள் அதை மேய்ச்சல் வெளி என்ற பெயரால் அழைத்தார்கள். விமானத்தாருக்கு வேண்டியதும் அதே குணங்கள்தாம்: மரமில்லாத தரை, புல் மூடிய தரை, கற்கள் குறைந்த தரை. நல்ல மேய்ச்சல் நிலத்தின் இலக்கணமும் அந்தக் காலத்து நல்ல ஓடுபாதையின் இலக்கணமும் ஒன்றாகவே இருந்தன.

இச்சொல்லின் வடமொழி மூலம் ‘கோசர’. அது தமிழுக்கும் வந்திருக்கிறது. வந்த வழிதான் வியப்பு. முதற்பொருள் பசு மேயும் பரப்பு. பசு எவ்வளவு தொலைவு போகுமோ அவ்வளவும் அதன் எல்லை என்பதால் ‘எட்டும் எல்லை’ என்ற பொருள் விரிந்தது. பின்னர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவதும் ‘கோசரம்’ ஆயிற்று. அறிவுக்கு எட்டாத இறைவனைச் சமயநூலார் ‘அகோசரன்’ என்றார்கள். சோதிடத்தில் கோள்கள் இராசிதோறும் நகர்வது ‘கோசாரம்’. ஆக, தரையில் மேய்ந்த பசு தமிழில் வானத்தில் நகரும் கோளாகிவிட்டது. கட்வாலிலோ அச்சொல் தரையை விட்டு அசையவில்லை; வானத்திலிருந்து விமானம்தான் அதன்மேல் வந்து இறங்கியது. ஒரே சொல்லின் இரண்டு பயணங்களை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் வேறு ஒன்று எனக்கு நினைவில்லை.

கௌச்சரின் பிற்காலமும் அறியத்தக்கது. 1943 முதல் அங்கே ஆண்டுதோறும் நவம்பரில் சந்தை கூடுகிறது. திபெத்திய எல்லை வணிகத்தில் ஈடுபட்ட போட்டியா மக்களும் சமவெளி வணிகர்களும் கூடிய சந்தை அது. 2013 ஜூன் மாதம் கேதார்நாத் பள்ளத்தாக்கைப் பெருவெள்ளம் அழித்தபோது மீட்பு ஹெலிகாப்டர்களுக்குத் தளமாய் நின்றதும் இந்த வெளிதான். அம்மாதம் 25ஆம் நாள் அங்கிருந்து மீட்புப் பணிக்குச் சென்ற விமானப்படை ஹெலிகாப்டர் விபத்துக்குள்ளாகி 20 பேர் இறந்தனர். மாடு மேய்ந்த இடம், யாத்திரிகர் இறங்கிய இடம், சந்தை கூடிய இடம், உயிர் காத்த இடம். வெளியாக இருந்ததால் அது இத்தனைக்கும் பயன்பட்டது.

அடுத்த நிலம் காசுமீரில். சிறிநகரின் விமானத்தளம் அமைந்திருக்கும் மேட்டுநிலத்துக்குத் தாமோதர் உடர் என்று பெயர். பழைய ஏரிப் படிவுகளால் ஆன மேசை போன்ற மேடுகள் காசுமீரப் பள்ளத்தாக்கில் பல உண்டு. ஊர்மொழியில் அவை ‘உடர்’, நிலவியல் நூல்களில் ‘கரேவா’. குங்குமப்பூ விளையும் பாம்போர் நிலங்களும் இவ்வகையே. மேலே தட்டையானவை, ஆற்று மட்டத்துக்கு மேலே இருப்பதால் நீர் ஏறாதவை.

12ஆம் நூற்றாண்டில் கல்கணர் இயற்றிய இராஜதரங்கிணியில் இந்த மேட்டுக்கு ஒரு கதை இருக்கிறது. தாமோதரன் என்ற அரசன் இங்கே ஓர் ஊரை அமைத்து, அணை கட்டி நீர் கொண்டுவர முயன்றான். ஒருநாள் நீராடப் புறப்பட்ட அவனிடம் பசித்த அந்தணர் உணவு கேட்டனர். நீராடிய பின்னரே தருவேன் என்று மறுத்தான். பாம்பாகப் போகும்படி சபித்தார்கள். நீர்வேட்கையோடு அப்பாம்பு இம்மேட்டில் அலைகிறது என்பது கதை. கதையை ஒதுக்கிவிட்டு நிலத்தைப் பார்த்தால், நீரில்லாத தட்டை மேடு என்ற ஒரு நிலவியல் உண்மைக்கு மக்கள் தந்த விளக்கம் அது. எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் அதே வறட்சிதான் அந்த மேட்டை ஓடுபாதைக்கு உகந்த தரையாக்கியது.

1947க்கு முன் அங்கே இருந்தது, மகாராஜா ஹரி சிங்கின் சொந்தச் சிறு விமானங்கள் வந்துபோகும் கரடுமுரடான பாதை. மலைக்குச் சிறு விமானத்தில் போய்வருவது என்ற திட்டத்தை உண்மையில் நடத்திக்காட்டியவர்கள் அவரைப் போன்ற சிலரே. அந்த அரச வசதி 1947 அக்டோபர் 27 விடியலில் வேறொன்றாயிற்று. இணைப்பு ஆவணம் கையெழுத்தான மறுநாள், தில்லியின் வில்லிங்டன், பாலம் தளங்களிலிருந்து டகோட்டா விமானங்கள் சீக்கியப் படைப்பிரிவின் முதல் பட்டாலியனை ஏற்றிக்கொண்டு அங்கே இறங்கின. அவற்றுள் தனியார் விமான நிறுவனங்களிடமிருந்து அவசரமாகத் திரட்டப்பட்டவையும் உண்டு. தளம் எதிரிகளின் கையில் இருக்கிறதா என்று வட்டமடித்துப் பார்த்துவிட்டே இறங்க வேண்டும் என்பது ஆணை. நவம்பர் 3ஆம் நாள் அந்தத் தளத்தைக் காக்கும் பட்காம் சண்டையில் மேஜர் சோம்நாத் சர்மா உயிர்நீத்தார். முதல் பரம்வீர் சக்கரம் அவருக்கு வழங்கப்பட்டது. காசுமீரப் போரின் வரலாறு அரசியல் வரலாறாக எவ்வளவோ எழுதப்பட்டுவிட்டது. அந்தப் போரின் போக்கு ஒரு வறண்ட மேட்டின் தட்டைத்தன்மையைப் பற்றிக்கொண்டு நின்றது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

லடாக்கிலும் இதுவே நடந்தது. 1948 மே 24இல் மேஹர் சிங் தளபதி திம்மையாவை ஏற்றிக்கொண்டு லே நகரில் முதல் விமானத்தை இறக்கினார். இறங்குவதற்கான தரையை ஊர் மக்களைக் கொண்டு சமப்படுத்தித் தந்தவர் சோனம் நோர்பு என்ற லடாக்கிப் பொறியாளர். விமானியின் பெயரை அறிந்தவர்களுள் பலர் தரையைச் சமப்படுத்தியவரின் பெயரை அறிவதில்லை.

இனி, நண்பரின் சிம்லா. 1987இல் சிம்லாவுக்கு ஒரு விமான நிலையம் ஒருவழியாக வந்தது. கிடைக்காத சமதளத்தை மலைமுகட்டை வெட்டி உண்டாக்கினார்கள். நகரிலிருந்து 22 கிலோமீட்டர் தொலைவில், 1,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், முனைகளில் பள்ளம் விழும் மேசைமேல் சுமார் 1,200 மீட்டர் ஓடுபாதை. தில்லியின் மிக நீண்ட ஓடுபாதை 4,430 மீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள். இடத்தின் பெயர் ஜுப்பர்ஹட்டி.

உயரத்தில் ஓடுபாதை நீளமாக வேண்டும். ஆனால் அங்கேதான் அது குட்டையாக இருக்கிறது. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. வெயில் ஏறினால் இன்னும் மெலியும். மெலிந்த காற்றில் இறக்கைக்குத் தாங்குதல் குறையும், எந்திரத்துக்கு வலு குறையும், மேலெழ நீண்ட ஓட்டம் வேண்டும். ஆகவே இறங்குவதைவிட ஏறுவது கடினம். 2017 ஏப்ரல் 27இல் மலிவுக் கட்டண விமானத் திட்டத்தின் முதல் பயணம் சிம்லா – தில்லி வழியில் தொடங்கப்பட்டபோதும், சிம்லாவிலிருந்து திரும்பும் விமானம் பாதி இருக்கைகளைக்கூட நிரப்ப முடியாமல்தான் கிளம்ப வேண்டியிருந்தது. குலுவின் புந்தர் தளமும் பியாஸ் ஆற்றங்கரையில் மலைகளுக்கிடையே ஒடுங்கியதே. லேயில் பிற்பகலில் காற்று எழும்பிவிடும் என்பதால் விமானங்கள் முற்பகலிலேயே வந்து திரும்பிவிடுகின்றன. மலைக்குப் பறக்கத் திட்டமிடுபவர் முதலில் எழுதிக்கொள்ள வேண்டியது திரும்பும் நேரத்தையும் திரும்பும் எடையையும்தான். வரலாற்றாய்வாளருக்கும் இது உதவும்: எத்தனை பேரை ஏற்றினார்கள் என்ற பழைய கணக்கைப் படிக்கும்போது, எவ்வளவு உயரத்தில், எந்த மாதத்தில் என்று கூடவே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெயர்களுக்குத் திரும்புகிறேன். ‘ஹட்டி’ என்றதும் நீலகிரி அறிந்தவர்களுக்குப் படகர் ஊர்கள் நினைவுக்கு வரும். அந்த ‘ஹட்டி’ தமிழ்ப் ‘பட்டி’யின் உறவு: மாட்டுத்தொழுவம், சிற்றூர். பகரம் ஹகரமாவது கன்னடத்திலும் படகிலும் இயல்பு. கௌச்சர் மேய்ச்சல் வெளி என்றால் ஜுப்பர்ஹட்டி மாட்டுப்பட்டியா என்று மனம் தாவும். தாவக்கூடாது. சிம்லா வட்டாரத்து ‘ஹட்டி’, ‘ஹட்ட’ என்னும் வடமொழிச் சொல்லின் வழிவந்தது: கடை, சந்தை. அருகிலுள்ள குமார்ஹட்டியும் அவ்வாறே. ஒலி ஒன்று, வேர் இரண்டு. பெயரைச் சான்றாகக் கொள்பவர்கள் முதலில் கற்க வேண்டிய பாடம் இது. பெயர் ஒரு பயன்பாட்டைச் சொல்லலாம். நில உடைமையைச் சொல்லாது, இழப்பீடு கிடைத்ததா என்று சொல்லாது. ஆவணமும் பெயரும் ஒன்றையொன்று சரிபார்க்க வேண்டும்.

தேராதூனின் விமான நிலையம் ஜாலி கிராண்ட். ‘மகிழ்ச்சி’ என்று பொருள்கொண்டு சுற்றுலாப் பயணிகள் சிரிப்பதுண்டு. அந்தப் பள்ளத்தாக்கில் ‘கிராண்ட்’ என்று முடியும் ஊர்கள் வேறு சிலவும் உண்டு. அவை காலனிய அரசு தரிசென்று வகைப்படுத்தி வழங்கிய நிலக்கொடைகளின் நினைவு. கௌச்சர் என்பது ஊரார் பார்வையில் பிறந்த பெயர். கிராண்ட் என்பது பத்திரம் எழுதியவரின் பார்வையில் பிறந்த பெயர். பிந்தைய பெயருக்குள் மாடும் இல்லை, புல்லும் இல்லை.

விமான நிலையங்களின் இன்றைய அலுவல் பெயர்களோ பெரும்பாலும் மனிதர்களுடையவை. வில்லிங்டன் போய் சஃப்தர்ஜங் வந்தது. சிறிநகர் நிலையம் ஷேக்-உல்-ஆலம் பெயரையும், லே நிலையம் குஷோக் பகுலா ரின்போச்சே பெயரையும் தாங்குகின்றன. போற்றத்தக்கவர்களே. ஆனால் பெயர்ப்பலகை மாறும்போது, அதற்கு முன் அந்த மண் என்னவாக இருந்தது என்பதற்கான கடைசிச் சான்றும் வழக்கிலிருந்து நழுவுகிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. இமாசலத்தில் மண்டி மாவட்டத்தின் பல்ஹ் பள்ளத்தாக்கில் புதிய விமான நிலையம் அமைக்கும் திட்டத்தை அங்குள்ள உழவர்கள் எதிர்த்துவருகிறார்கள். காங்ராவின் கக்கல் ஓடுபாதையை நீட்டும் திட்டத்திலும் வீடும் வயலும் கடையும் இழப்போரின் குரல் எழுந்திருக்கிறது. சுற்றுலா வளரும், வேலை வரும், நோயாளியை விரைந்து கொண்டுபோகலாம் என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. 2013இல் கௌச்சர் இல்லாதிருந்தால் இழப்பு இன்னும் கூடியிருக்கும். சிக்கல், திட்ட அறிக்கையில் நிலம் நீளமும் உயரமுமாக மட்டுமே தோன்றுவதில் இருக்கிறது. மலையில் உழத்தக்க சமதளமும் பறக்கத்தக்க சமதளமும் ஒரே துண்டு நிலம்தான்.

2011 ஜனவரி 28இல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் வழங்கிய தீர்ப்பு, ஊர்ப் பொதுநிலங்களைக் காக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. வழக்கு பஞ்சாபின் ஊர்க் குளம் ஒன்றைப் பற்றியது. ஆயினும் தீர்ப்பு, பொதுநிலத்துக்கு நாடெங்கும் வழங்கும் பெயர்களைச் சொல்லுமிடத்தில் வடக்கின் ‘ஷாம்லாத்’தோடு நம்முடைய ‘மந்தைவெளி’யையும் ‘புறம்போக்கை’யும் சேர்த்தே சொல்கிறது. தில்லியில் அமர்ந்து அதைப் படித்த அன்று எனக்குச் சென்னையின் மந்தைவெளி நினைவுக்கு வந்தது. ரயில் நிலையமும் பேருந்துகளும் கடைகளுமாக நெரியும் அந்த இடத்தின் பெயரில் மட்டும் மந்தை இன்னும் மேய்கிறது. கௌச்சரும் மந்தைவெளியும் இரண்டாயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் இருவேறு மொழிகளில் சொல்லப்பட்ட ஒரே சொல்.

நண்பரின் திட்டம் நிறைவேறவில்லை. சஃப்தர்ஜங்கில் 2001 செப்டம்பருக்குப் பின் பாதுகாப்புக் காரணங்களால் சிறு விமானப் பறத்தல் நிறுத்தப்பட்டது. முக்கியத் தலைவர்களின் ஹெலிகாப்டர்கள்தாம் இப்போது அங்கே எழுகின்றன. ஆகவே நாங்கள் கால்கா வரை ரயிலில் போய், அங்கிருந்து குறுகிய தண்டவாளத்தில் ஏறினோம். வழி நெடுக ஒவ்வொரு வளைவிலும் எங்கே சமதளம் தெரிகிறது என்று தேடிக்கொண்டே வந்தேன். தென்பட்ட இடத்திலெல்லாம் ஒன்று பயிர் இருந்தது, அல்லது பள்ளிக்கூடத் திடல் இருந்தது, அல்லது மாடு நின்றது. வெற்றிடம் என்று ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் மந்தை, மேய்ச்சல், களம், வெளி என்று பெயர் தாங்கிய இடம் இன்று என்னவாக இருக்கிறது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது.